முந்தானையால் துடைத்ததையும் சொல்லிவிடுங்கள், டீச்சர்

வாசகர் கடிதம்:

ஐயா, நான் மதுரை தெற்குவாசலில் இருக்கிறேன். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகளும் மாப்பிள்ளையும் ஐரோப்பாவில் வேலை பார்க்கிறார்கள். சென்ற கோடையில் என்னை அங்கே அழைத்துக்கொண்டார்கள். ஒருநாள் பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனோம். அதன் பெயரும் என் பெயரும் வேண்டாம். இந்தியக் கூடத்தில் ஒரு பிள்ளையார். கண்ணாடிப் பெட்டி இல்லை, இடுப்பு உயரப் பீடத்தில் உட்கார்ந்திருந்தார். மத்திய இந்தியா, 11ஆம் நூற்றாண்டு, மணற்கல் என்று எழுதியிருந்தது. மூன்று வாரமாகக் கோயில் வாசலையே மிதிக்காத எனக்கு அவரைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. கைப்பையில் மீனாட்சி கோயில் விபூதியும், சன்னதித் தெருவில் வாங்கிய தாழம்பூ குங்குமமும் பொட்டலமாக இருந்தன. யோசிக்கவே இல்லை. விபூதியைப் பூசி நடுவில் பொட்டு வைத்துவிட்டேன்.

மணி அலறியது. காவலர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். கூடமே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் படம் எடுத்தார்கள். எங்களை ஓர் அறையில் உட்கார வைத்து, பாஸ்போர்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு, படிவம் ஒன்றை நீட்டினார்கள். எனக்காக மாப்பிள்ளைதான் பேசினார். 'காய்ந்த பொடியைத் தொட்டு வைத்தார், வேறொன்றும் செய்யவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். முக்கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். அன்று முழுக்க மாப்பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு வயதுப் பேரன் மட்டும், 'அம்மாச்சி, உங்களை ஜெயிலில் போடுவார்களா?' என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. மணி அலறியதும், காவலர் வந்து சேர்வதற்குள், முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். குழந்தை கன்னத்தில் அப்பிய மையைத் துடைப்போமே, அப்படி. அன்று கட்டியிருந்தது சிவப்புச் சுங்குடி. பொட்டு போகவில்லை. நெற்றி முழுக்க ரோஸ் நிறமாகப் பரவி, துதிக்கை தொடங்கும் இடம் வரை இறங்கிவிட்டது. நான்கு மாதமாகத் தூக்கத்தில் அந்த நெற்றிதான் வருகிறது. கறை போயிருக்குமா? நஷ்ட ஈடு கேட்பார்களா? அடுத்த முறை விசாவுக்கு இடைஞ்சல் வருமா? மன்னிப்புக் கடிதம் எழுதலாமா, கிளறாமல் விடுவது நல்லதா? சாமிக்குப் பொட்டு வைத்தது அவ்வளவு பெரிய குற்றமா?

பதில்:

டீச்சர், பெயர் வேண்டாம் என்றீர்கள். மதுரையில் டீச்சர் என்றால் போதும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, எச்சில் என்ற சொல் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உங்களைக் கேலி செய்யும் சிரிப்பு இல்லை அது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எழுதலாமா, கிளறாமல் விடலாமா என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது. எழுதுங்கள், இந்த வாரமே எழுதுங்கள். ஆனால் ஒரு பக்கத்துக்கு மன்னிப்பை நிரப்பி அனுப்பாதீர்கள். அதை வைத்துக்கொண்டு அங்கே சிலைகளைச் சுத்தம் செய்து பழுதுபார்க்கிற பாதுகாப்பாளர் ஒன்றும் செய்ய முடியாது. என்ன பொடி, எந்தத் துணி, எதில் நனைத்தீர்கள், எந்தப் பக்கமாக இழுத்தீர்கள்: இவைதான் அவருக்கு வேண்டும். பொட்டு வைத்தது அவர்களுக்குத் தெரியும். துடைத்த கதை உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் கல்லுக்கும் வெண்கலத்துக்கும் மரத்துக்கும் வைத்தியம் பார்த்தவன். தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு எழும்பூர் அருங்காட்சியகம்தான் தாய்வீடு. 1930இல் அங்கே வேதியியல் ஆய்வுக்கூடம் வந்தது. அதை நடத்திய பரமசிவன், களிம்பு ஏறிப்போன வெண்கலங்களை மின்பகுப்பு முறையில் தேற்றியவர். டாக்டரிடம் போனால், இதற்கு முன்னால் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்பார் அல்லவா? எங்கள் தொழிலிலும் அதுதான் முதல் கேள்வி. எங்கள் நோயாளிகள் வாய் திறக்க மாட்டார்கள் என்பதுதான் தொல்லை. புளி போட்டுத் தேய்த்தார்களா, அமிலம் ஊற்றினார்களா, வார்னிஷ் அடித்தார்களா, யார், எந்த வருடம் என்று ஒன்றும் தெரியாமல் ஒரு சிலை முன்னால் பஞ்சுக் குச்சியோடு நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். துடைத்தவரே முன்வந்து ஒரு தாள் எழுதிக் கொடுத்த பாக்கியம் எனக்கு ஒருமுறைகூட வாய்க்கவில்லை. அந்த ஊர்ப் பாதுகாப்பாளருக்காவது வாய்க்கட்டுமே.

நீங்கள் அறிவியல் டீச்சர் என்பதால் கல்லில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விபூதி சாம்பல், காரத்தன்மை கொண்டது. குங்குமம், பழைய முறையில் செய்ததானால், மஞ்சளோடு சுண்ணாம்போ வெண்காரமோ சேர்த்துச் சிவக்க வைத்த பொடி. மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் விட்டு வகுப்பில் எத்தனை முறை காட்டியிருப்பீர்கள்! பிள்ளையார் நெற்றியில் நீங்கள் நடத்தியதும் அதே பரிசோதனைதான். அடியில் காரம், மேலே மஞ்சள், அதற்கு மேல் ஈரம்.

காய்ந்த பொடியோடு நின்றிருந்தால், மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தபடியே கதை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மெல்லிய தூரிகையால் பொடியைத் தள்ளுவார்கள், பக்கத்தில் பிடித்த உறிஞ்சு குழாய் அதை இழுத்துக்கொள்ளும். ஈரம் பட்டதும் பொடி சாயமாகிவிட்டது. அழுத்தித் துடைத்ததும் சாயம் கல்லுக்குள் இறங்கிவிட்டது. ஆக, கெடுதலைச் செய்தது பக்தி இல்லை, பதற்றம்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரிவிடுகிறது. நமக்குத் தெரிந்த பிள்ளையார் எல்லாரும் கருங்கல்காரர்கள். எண்ணெய், பால், சந்தனம் என்று எதைச் சாத்தினாலும் மேல்தோல் கறுத்து மின்னும், உள்ளே அதிகம் போகாது. சுவாமி சன்னதி முன்னால் காளி மேலும் ஊர்த்துவ தாண்டவர் மேலும் வெண்ணெய் உருண்டை எறிந்து வளர்ந்தவர்கள் நாம். பொற்றாமரைக் குளக்கரையில் இருக்கிற விபூதிப் பிள்ளையாருக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரும் தங்கள் கையாலேயே பூசுகிறார்கள். அப்படிப் பழகிய கை, வெறும் நெற்றியைக் கண்டதும் தானாகப் பைக்குள் போயிருக்கிறது. மணற்கல் வேறு ரகம். டீயில் முக்கிய ரஸ்க்கை நினைத்துப் பாருங்கள், அதுதான் மணற்கல். மணலுக்கும் மணலுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத சந்துகள். ஈரத்தோடு எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

அந்தப் பொட்டலம் இன்னும் கைப்பையின் அடியில் கிடக்கும் என்று நினைக்கிறேன். தூக்கிப் போடாதீர்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு சிட்டிகை குங்குமத்தைத் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒன்றில் தண்ணீர் ஒரு சொட்டு, மற்றதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு. எலுமிச்சை பட்ட இடம் மஞ்சளாக மாறினால் அது மஞ்சள் குங்குமம். அது ஆல்கஹாலில் கரையும். வெளிச்சத்தில் நாளாவட்டத்தில் தானே வெளுக்கும். தண்ணீர் பட்ட நொடியிலேயே பளிச்சென்று ரோஸ் நிறம் ஓடி, எலுமிச்சைக்கும் அசையாமல் நின்றால் அதில் செயற்கைச் சாயம் கலந்திருக்கிறது. ரோஸ் நிறமாகப் பரவியது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம். தாழம்பூ வாசனையை நம்பி நாம் வாங்குவதெல்லாம் மஞ்சளில் செய்தது இல்லை. தட்டைப் படம் எடுத்துக் கடிதத்தோடு அனுப்புங்கள். நூறு வரி விளக்கத்தை விட அந்தப் படம் அவர்களுக்கு உதவும்.

எலுமிச்சை தட்டோடு நிற்கட்டும். கல்லில் கறை பட்டால் எலுமிச்சை போட்டுத் தேய்க்கலாம் என்று இதைப் படிக்கிற யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள். சில மணற்கற்களில் மணலைப் பிடித்து வைத்திருப்பதே சுண்ணாம்புச் சத்துதான். அமிலம் கறையோடு அந்தப் பிடிப்பையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

சேலையைப் பற்றியும் ஒரு கேள்வி. அந்தச் சுங்குடி புதிதா, பல முறை துவைத்ததா? புதுச் சுங்குடியை முதல் தடவை அலசும்போது வாளித் தண்ணீர் என்ன நிறமாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையார் நெற்றியில் இருப்பது குங்குமச் சிவப்பு மட்டும்தானா, சேலைச் சிவப்பும் சேர்ந்ததா என்று தெரியாமல் ஒருவர் பூதக்கண்ணாடியோடு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது எச்சிலுக்கு வருகிறேன். வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறீர்கள். எங்கள் தொழிலில் அது பழைய கைமருந்து. பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்து ஓவியத்தின் மேல் படிந்த அழுக்கை ஒற்றி எடுப்பது உலகம் முழுக்கப் பாதுகாப்பாளர்களிடம் இருந்த வழக்கம். போர்ச்சுகல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர் எச்சில் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்கிறது என்று அளந்தே பார்த்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசு 2018இல் அவர்களுக்குக் கிடைத்தது. மாவுச்சத்தை உடைக்கிற நொதி எச்சிலில் இருக்கிறது; அதுதான் வேலை செய்கிறது. ஆகவே நீங்கள் எடுத்த மருந்து சரி, நோய் வேறு. நாங்கள் ஒற்றி எடுப்போம், நீங்கள் தேய்த்தீர்கள். அதனால் எச்சில் என்றே வெட்கப்படாமல் எழுதுங்கள். படிக்கிறவர் முகம் சுளிக்க மாட்டார், என்னைப் போலச் சிரிப்பார். தண்ணீர் என்று மாற்றி எழுதிவிடாதீர்கள்.

கறை போயிருக்குமா? மேலே இருந்தது அன்றே போயிருக்கும். உள்ளே இறங்கியதற்குப் பற்றுப் போடுவார்கள். கால் சுளுக்கினால் போடுகிற அதே பற்றுதான். காகிதக்கூழையோ களிமண்ணையோ தகுந்த திரவத்தில் பிசைந்து கறை மேல் அப்பிவிட்டால், உலர உலரச் சாயத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஒருமுறை போட்டால் போதலாம், ஐந்து முறையும் ஆகலாம். எந்தத் திரவம் என்பது எந்தச் சாயம் என்பதைப் பொறுத்தது. உங்கள் தட்டுப் பரிசோதனை அங்கேதான் கைகொடுக்கும். முழுக்கப் போய்விட்டதா என்று மதுரையில் உட்கார்ந்துகொண்டு நான் சான்றிதழ் தர முடியாது. நீங்களே கேளுங்கள், பதில் எழுதுவார்கள்.

நான்கு மாதம் ஆகிவிட்டதே, இனி எழுதி என்ன என்று தோன்றலாம். பழைய சிலைகளின் நெற்றியிலும் மடிப்புகளிலும் ஒட்டியிருக்கிற துகள்களை இப்போது சுரண்டி எடுத்துச் சோதிக்கிறார்கள். என்ன பூசினார்கள், என்ன வண்ணம் தீட்டினார்கள், எப்படி வழிபட்டார்கள் என்று அதிலிருந்து கண்டுபிடிக்கிறார்கள். இன்னும் இருபது வருடம் கழித்து ஒரு மாணவி அந்தப் பிள்ளையாரின் நெற்றியில் மஞ்சளும் சாம்பலும் கண்டுபிடித்து, 11ஆம் நூற்றாண்டில் மத்திய இந்தியாவில் விநாயகருக்கு விபூதிக் காப்பு இருந்ததற்குச் சான்று என்று கட்டுரை எழுதிவிடுவாள். தெற்குவாசல் டீச்சர் ஒருவர் வைத்தது என்று அவளுக்கு யார் சொல்வது? சிலைக்குச் சிலை ஒரு கோப்பு இருக்கும். உங்கள் கடிதம் அந்தக் கோப்புக்குள் போக வேண்டும்.

இன்னொன்று. துடைத்தது பரம ரகசியம் என்று நான்கு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். வைத்த பொட்டு வட்டமாக இருக்கும், துடைத்த பொட்டு இழுபட்டிருக்கும். பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கூடத்தில் கேமரா இருந்தால் முந்தானையையும் பார்த்திருப்பார்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். எந்த இடம் என்பது வேண்டாம். தேரிலிருந்து கழற்றிய மரச் சிற்பம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் மலர் பிடித்த பெண். என் சட்டைக் கையின் பொத்தான் அவள் சுண்டுவிரலில் மாட்டியது. அரிசி முறிகிற அளவுக்குத்தான் சத்தம். விரல் மேஜையில் கிடந்தது. அறையில் யாரும் இல்லை. எடுத்துக் காலித் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்று நாள் அந்தத் தீப்பெட்டி என் நெஞ்சுக்கு நேரே கடகடத்தது. பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில், எங்கே போனாலும். நான்காம் நாள் மேலதிகாரி முன்னால் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. 'துண்டு எங்கே?' என்று மட்டும் கேட்டார். தீப்பெட்டியைத் திறந்து பார்த்தவர் முகம் அப்போதுதான் மாறியது. மூன்று நாள் உருண்டதில் முறிந்த இடத்தின் கூர்முனைகள் மழுங்கியிருந்தன. முறிந்த அன்றே கொடுத்திருந்தால் பல்லுக்குப் பல் பொருந்தியிருக்கும். இப்போது மயிரிழை இடைவெளி நிற்கிறது. அந்தச் சிற்பம் இன்றும் காட்சியில் இருக்கிறது. நான் மட்டும்தான் அந்த இடைவெளியைப் பார்ப்பேன்.

பணத்துக்கு வருவோம். முக்கால் மணி நேரத்தில் அனுப்பியவர்கள், நான்கு மாதம் வாய் திறக்காதவர்கள், பில் அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்களாக முந்திக்கொண்டு நஷ்ட ஈடு தருகிறேன் என்று எழுதவும் வேண்டாம். அது மாப்பிள்ளையை இழுத்துவிடுகிற பேச்சு. 2015இல் தைபேயில் 12 வயதுப் பையன் ஒருவன் தடுக்கி விழப் போய், கையை ஊன்றியது ஓர் இத்தாலிய ஓவியத்தின் மேல். படத்தில் ஓட்டை. 17ஆம் நூற்றாண்டுப் படம், காப்பீடு இருந்தது, குடும்பத்திடம் பணம் கேட்கவில்லை. 2006இல் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஒருவர் தன் ஷூ கயிற்றிலேயே தடுக்கி மாடிப்படியில் விழுந்து, சன்னலோரம் இருந்த மூன்று சீனப் பூச்சாடிகளைச் சுக்குநூறாக்கினார். உடைந்ததை ஒட்டி மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் இஸ்ரேல் நாட்டு ஹைஃபாவின் ஹெக்ட் அருங்காட்சியகத்தில் நான்கு வயதுச் சிறுவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, 3,500 வருடத்துக்கும் பழைய சாடி ஒன்றை இழுத்து உடைத்தான். அருங்காட்சியகம் அந்தக் குடும்பத்தையே மறுபடி சுற்றிப் பார்க்க அழைத்தது. பேரனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஜெயில் பயம் போய்விடும்.

விசா விஷயத்தில் நான் வக்கீல் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் போலீஸ் வரவில்லை, வழக்கு இல்லை, அபராதமும் இல்லை. விண்ணப்பத்தில் கேட்பதற்கு உண்மையான பதிலை எழுதுங்கள், கேட்காததை எழுத வேண்டாம். அங்கேயே வசிக்கிற மாப்பிள்ளைக்குக் கவலையாக இருந்தால் அந்த ஊர் வக்கீல் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

சாமிக்குப் பொட்டு வைத்தது குற்றமா என்று கேட்டீர்கள். அங்கே இருப்பது வெறும் கல், சாமி இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் தயாராக இல்லை. எழும்பூர் வெண்கலக் கூடத்தில் நடராசர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திருட்டுப் போய் லண்டன் வரை சென்ற பத்தூர் நடராசருக்காக, இடிந்து கிடந்த கோயிலே வழக்காடலாம் என்று லண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, 1991இல் அவர் நாடு திரும்பினார். கோட்டும் விக்கும் போட்ட நீதிபதிகளே அந்தக் கோயிலுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கும்போது, உங்கள் தொண்டை அடைத்ததற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இத்தனை வருடமாக அம்மன் சன்னதிக்குப் போகிறீர்கள். ஒருநாளாவது கருவறைப் படியைத் தாண்டி, மீனாட்சி நெற்றியில் நீங்களாகப் பொட்டு வைத்ததுண்டா? பட்டர் தீபாராதனை காட்டுவார், கையில் குங்குமம் தருவார், நீங்கள் உங்கள் நெற்றியில் இட்டுக்கொள்வீர்கள். அம்மனைத் தொடவில்லையே என்று ஒருநாளும் குறைப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்த அருங்காட்சியகத்தில் பட்டர் இல்லை, படி இல்லை, திரை இல்லை. அதனால் விபூதிப் பிள்ளையார் கணக்கில் அவரைச் சேர்த்துவிட்டீர்கள். கருவறைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். தரையில் ஒரு கோடோ முழங்கால் உயரக் கயிறோ இருந்தால் அதுதான் அங்கே அர்த்த மண்டபத்து வாசல்.

எனக்குக் கோபம் வருவது வேறு ஆட்கள் மேல். நாயக்கர் மகால் தூண்களில் சுதைப் பூச்சைச் சாவியால் கீறித் தன் பெயரையும் காதலி பெயரையும் எழுதிவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்று படமும் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சமணர் படுகை வரை மூச்சிரைக்க ஏறி, இரண்டாயிரம் வருட எழுத்துக்குப் பக்கத்தில் பெயிண்டால் கைபேசி எண் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட எனக்குக் கடிதம் எழுதி, தூக்கம் வரவில்லை என்று சொன்னதில்லை.

கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். வேறொன்றும் செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர், அந்த நாட்டில் வாழ்கிறவரும் அவர். அவருக்குத் தெரியாமல் உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்தால் அவர் பொய் சொன்னதாக ஆகும். மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவது உங்கள் வீட்டில் பழக்கம் இல்லை என்றால் மகளை உடன் வைத்துக்கொண்டு வீடியோ அழைப்பில் பேசுங்கள். சுற்றி வளைக்காதீர்கள். 'மாப்பிள்ளை, அன்றைக்கு உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்' என்று தொடங்கிவிட்டால் மீதி தானாக வரும். அன்று முழுக்க அவர் பேசாமல் இருந்தது கோபத்தால்தான் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? அந்த அறையில் முக்கால் மணி நேரம் பயந்து உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

கடிதத்தை அவரையே அந்த ஊர் மொழியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அரைப் பக்கம் போதும். எந்தத் தேதி, எந்தக் கூடம், பீடத்தில் பார்த்த எண் நினைவிருந்தால் அது. கோயில் விபூதியும் கடைக் குங்குமமும் விரலால் வைத்தேன். மணி கேட்டுப் பதறிப் பருத்திச் சேலை நுனியை என் எச்சிலில் நனைத்து நெற்றியிலிருந்து துதிக்கைப் பக்கமாக மூன்று நான்கு முறை அழுத்தித் துடைத்தேன். இது என் மருமகனுக்கு அன்று தெரியாது. பொட்டலம் என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்புகிறேன். இப்போது சிலை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வருந்துகிறேன் என்று ஒரே ஒரு வரி, கடைசியில். பொடியை அவர்கள் கேட்காமல் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். சுங்கத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு அது வேறு கதையாகிவிடும்.

படிவத்தில் தந்த முகவரிக்கே அனுப்பலாம். கலைப்பொருள் பாதுகாப்புப் பிரிவின் பார்வைக்கு என்று மேலே குறிப்பிடச் சொல்லுங்கள். காவல் பிரிவிலேயே நின்றுவிட்டால் கோப்புக்குப் போகாது.

சேலை புதிதா, துவைத்ததா என்பதை மறக்காமல் எழுதுங்கள்.